மாத்திரை அட்டை

கீரிப்பாறையில் பால்வெட்டுக்குப் போன அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்ச நாலாம் மாசமே மறுபடி அடைப்பு.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"ன்னார் டாக்டர்.

"ஒரு நாளும் விட்டதில்ல சார்."

நான் நம்பலைங்க. வீட்டுக்கு வந்து காலி அட்டைகளை எண்ணினேன். கணக்கு சரி!

குளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்யாதாம். கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாத்தணும். அந்த மரபணு மந்தமா இருந்தா மருந்தின் பலன் குறையும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2010-லேயே எச்சரித்தது. ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடம் இது அதிகம்.

மரபணுச் சோதனையில் அப்பாவுக்கும் அதேதான். அந்த நொதி தேவைப்படாத டிகாக்ரெலாருக்கு மாத்தினாங்க.

"பாலு உறையாம அமோனியா விடுவோம்லா, அது மாதிரியா மக்கா?"

ஆமாப்பா. அட்டை எண்ணினதை மட்டும் இன்னும் சொல்லலை.