சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்து ஒரே விரிவுரையைக் கேட்கும் இரு மாணவருள், ஒருவர் செலுத்தும் கட்டணம் மற்றவருடையதைவிட இருமடங்காகவோ மும்மடங்காகவோ இருப்பதுண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களின் நடைமுறை அது. மாநில மக்களின் வரிப்பணத்திலிருந்து மானியம் போவதால், சலுகையும் அவர்தம் பிள்ளைகளுக்கே என்பது வாதம். ஓராண்டு தங்கிவிட்டால் அம்மாநிலத்தவர் ஆகிவிடலாமே என்று ஊரிலிருந்து நண்பர்கள் கேட்பார்கள். படிப்புக்கென்று வந்து தங்குவதைப் பொதுவாகக் குடியிருப்பாகக் கணக்கிடுவதில்லை. 1973ஆம் ஆண்டு விலாண்டிஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குடியிருப்பை மெய்ப்பிக்க மாணவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றது. கட்டண வேறுபாட்டையோ தவறென்று சொல்லவில்லை.

நியூஜெர்சியில் வாழும் நம் மகள் 2023ஆம் ஆண்டு, தொலைவிலுள்ள வேறொரு மாநிலத்தின் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். முதலாண்டை நம் சேமிப்பும், ஓராண்டுக்கு மட்டுமே கிடைத்த உதவித்தொகையும் கரைசேர்த்தன. அடுத்த ஆண்டுக்கு உணவும் உறைவிடமும் சேர்த்து எழுபதாயிரம் டாலருக்கு மேல் வேண்டும். கடன் வாங்கலாமே என்று பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து இனிமையான கடிதம் ஒன்று வந்தது.

கடன் என்றால் வட்டி. 2024-25 கல்வியாண்டில் மத்திய அரசு பெற்றோருக்கு வழங்கிய கடனுக்கு நூற்றுக்கு 9.08 வட்டி, பணம் கைக்கு வருமுன்னரே நூற்றுக்கு நாலுக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். மாணவர் பெயரில் கிடைக்கும் கடனுக்கு 6.53. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இரண்டாமாண்டு மாணவருக்கு அதுவும் 6,500 டாலருக்கு மேல் கிடையாது.

இது குறித்து இங்குள்ள ஆலிம்களிடையே ஒரே கருத்தில்லை. வேறு வழியற்றவர்க்கு நிர்ப்பந்தத்தின் பேரில் இடமுண்டு என்போர் உளர். எவ்வுருவில் வந்தாலும் வட்டி ஹராமே என்போரும் உளர். தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும் முன்னவர் சொல்லைப் பற்றிக்கொள்வதென்றாலும், 'வேறு வழியில்லை' என்று நெஞ்சறிய நாம் சொல்லவேண்டுமே! வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே ஆண்டில் மாநிலத்தவர்க்கு அதன் கட்டணம் சுமார் 18 ஆயிரம் டாலர். வீட்டிலிருந்தே காரில் போய்வரலாம்.

மகளிடம் சொன்னோம். "கடன் என் பேரில இருக்கட்டும் வாப்பா, வேலைக்குப் போய் நானே அடைச்சிடுறேன்" என்றாள்.

"உன் பேரில் இருந்தால் வட்டி வேறொன்றாகிவிடுமா மகளே?" என்றோம்.

மூன்று நாள் அவள் சரியாக உண்ணவில்லை. பெரிய பெயரைத் துறப்பதே அவள் துயரம் என்று உறவினர் எண்ணினர். அவளுடைய உம்மாவிடம் அவள் சொன்னது வேறு. விடுதியின் கீழ்த்தளத்தில் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு சிறிய தொழுகை அறையை ஒழுங்குபடுத்தியிருந்தனர். அந்தக் கூட்டத்தை விட்டு வருவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ரட்கர்ஸ் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1766இல் குவீன்ஸ் கல்லூரியாகத் தோன்றியது. 1862ஆம் ஆண்டு மோரில் சட்டத்தின்படி, நிலவருவாயைக் கொண்டு வேளாண்மையும் தொழிற்கலையும் கற்பிக்கும் நிலையமாக 1864இல் ஆயிற்று. 1945, 1956 ஆண்டுகளின் சட்டங்களால் மாநிலப் பல்கலைக்கழகமானது. இதைப் படித்தபோது நாம் கற்ற ஜமால் முகமது கல்லூரி நினைவுக்கு வந்தது. ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் பொருளீந்து 1951இல் திருச்சியில் அக்கல்லூரி எழாதிருந்தால், நம் தந்தையாரின் சிறு கடை வருமானத்தில் நாம் பட்டம் பெற்றிருப்பது ஐயமே. அந்நாளில் நம்மவர் எவரும் அதை இரண்டாந்தரம் என்று சொல்லக் கேட்டதில்லை.

மாறுதலிலும் இழப்பு உண்டு. பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுப் பார்த்து, அவள் முடித்த 30 கிரெடிட்டில் 26ஐ ஏற்றுக்கொண்டனர். மதிப்பெண்களோ உடன்வருவதில்லை, சராசரி புதிதாகவே தொடங்கும். இரவெல்லாம் விழித்துப் பெற்ற மதிப்பெண்கள்! நாலு கிரெடிட்டை 2025ஆம் ஆண்டு கோடையில் அருகிலுள்ள கவுன்டி கல்லூரியில் படித்து ஈடுசெய்தாள்.

அவ்வாண்டு ரமலானில், அந்தப் பழைய தொழுகை அறைத் தோழியர் மூவர் பேருந்தேறி நம் இல்லம் வந்து இரண்டு நாள் தங்கினர். ஒருத்தி சோமாலியப் பெண், ஒருத்தி வங்காளி. நம் துணைவியார் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை மூன்றாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தவள் சோமாலியப் பெண்தான்.