இறாலா, இலிஷா?

வீட்டு ஆண்பிள்ளைகள் காப்பி ஆறுவது தெரியாமல் கால்பந்து பேசினால் உங்களுக்குக் கோபம் வருமோ? அப்படியானால் கல்கத்தாவில் வாழ்க்கைப்படாததற்குச் சந்தோஷப்படுங்கள்! அங்கே மோகன் பகான் ஜெயித்தால் சமையலறையில் இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன்.

தர்க்கத்துக்குப் பஞ்சமே இல்லை. 1975-இல் ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல் போட்டது. மோகன் பகானுக்குப் பூஜ்யம். ஜெயித்த அணியின் பயிற்சியாளர் பி. கே. பானர்ஜி மறு வருஷமே தோற்ற அணிக்குப் போய்விட்டார்! 1977-இல் அதற்கு ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்டு மூன்றும் கிடைத்தன. பெருமை ஆட்டக்காரர்களுக்கா, பயிற்சியாளருக்கா? கேட்டுப் பாருங்கள், பொழுது விடிந்துவிடும்!

இத்தனை ரோஷமும் எதற்கு என்கிறீர்களா? எனக்கு 2024 ஆகஸ்டு 18 ஞாபகம் வருகிறது. மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் கொலையுண்டு, நகரமே கொதித்துக்கொண்டிருந்த சமயம். அன்றைய ஆட்டம் ரத்தாயிற்று. அப்படியும் இரு கட்சி ரசிகர்களும் மைதானத்துக்கு வெளியே கூடினார்கள். முன்பின் அறியாத அந்தப் பெண்ணுக்காக ஒரே குரலில் நியாயம் கேட்டார்கள்.

அப்புறம் மறுபடியும் சண்டைதான். போடட்டுமே! அண்ணன் தம்பி சண்டை மாதிரி, ஆபத்துக்குச் சேர்ந்து நிற்கிறார்களே, அது போதாதா?