போட்டோவில் பார்த்தது ஒன்று... பார்சலில் வந்தது ஒன்று!

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயி. அப்பா ஓட்டிய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர், பத்து வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. அதை மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

“எடைக்குப் போட்டுட்டு வேற வேலையைப் பாருங்க” என்றார் மனைவி. அவர் கேட்கவில்லை.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக், ஊரில் ஒருவர்தான் மிச்சம். வயது 72. “என் கை நடுங்க ஆரம்பிக்கிறதுக்குள்ள சாமானைக் கொண்டு வந்துடு தம்பி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்ஜின் சாமான்கள் கடையிலேயே கிடைத்துவிட்டன. கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்புக்குத்தான் அலைச்சல். புதுசு விலை கட்டுப்படி ஆகவில்லை. போனில் தேடினார். ‘ஒரிஜினல், நல்ல கண்டிஷன், 6,500 ரூபாய்’ என்று ஒரு விளம்பரம். பணத்தை அனுப்பினார். பதினோராம் நாள் லாரி ஆபீஸுக்குப் பார்சல் வந்தது.

மெக்கானிக் பிரித்தார். ஷாஃப்ட் நுழையும் துளைக்குள் விரலை விட்டு எண்ணினார். 21 பல். வண்டியிலிருந்து கழற்றியதில் 10 பல்.

“மாஸி பம்புல ரெண்டு வகையும் உண்டு தம்பி. வெளியில பார்த்தா அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஒண்ணு இடத்துல இன்னொண்ணு உட்காராது.”

விற்றவருக்கு போன் போட்டால், “போட்டோவைப் பார்த்துத்தானே சார் வாங்குனீங்க?” என்றார். மறுநாள் போன் ஸ்விட்ச் ஆஃப். அடுத்து வேறொரு விளம்பரம். அதே போட்டோ, வேறு ஊரிலிருந்து வேறு ஆள் பெயரிலும் இருந்தது. நல்லவேளை, அட்வான்ஸ் அனுப்பவில்லை.

மூன்றாவது முறை உஷாரானார். “பம்ப் பக்கத்துல இன்னைக்குப் பேப்பரை வெச்சு, பல்லை எண்ணி, பார்ட் நம்பர் தெரியுற மாதிரி வீடியோ அனுப்புங்க. பொருந்தலைன்னா திருப்பி எடுத்துக்குவோம்னு எழுதிக் கொடுங்க” என்றார். இரண்டு பேர் அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள். ஈரோட்டுக்காரர் ஒருவர் மட்டும் அப்படியே அனுப்பினார். அது பொருந்தியது.

ஆன்லைனில் வியாபாரம் செய்யும் கடையென்றால், ஏமாற்றத்தை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாராகச் சொல்லலாம். முகம் தெரியாத தனி ஆளிடம் வாங்கும்போது, கையில் சாமான் வரும்வரை மொத்தப் பணத்தையும் கொடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

ஆடி மாதத்தில் ஒருநாள் டிராக்டர் வயலில் இறங்கியது. கலப்பை மேலே எழுந்ததும், மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்த 21 பல் பம்ப், தார்ப்பாய் பறக்காமலிருக்க நெல் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. விவசாயியின் மகளோ, சாயங்காலமானால் மெக்கானிக் தாத்தா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சாமானின் அளவையும் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பாதி நோட்டு நிறைந்துவிட்டது!