ஒன்பதாம் மாத ஊசி

அம்மா காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் தோட்டத்து டிரெசரிடம் ஓடுவார்களாம். பால்மரம் போய் செம்பனை வந்தது, டிரெசரும் இல்லை. நான் மகளை ரந்தாவ் அரசாங்க கிளினிக்கிற்குத் தூக்கிப் போகிறேன். செலவில்லை, காத்திருப்புதான் நீளம்.

இரண்டு, மூன்று, ஐந்தாம் மாதங்களில் ஆறு நோய்க்கு ஒரே ஊசி. அன்றிரவு சுடும், பிறகு தணிந்துவிடும். ஒன்பதாம் மாதம் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி. இதற்குக் காய்ச்சல் ஒரு வாரம் கழித்துத்தான் வரும், லேசாகத் தடிப்பும் வரலாம் என்று மலாய்க்கார மிஸ்ஸி முன்பே சொல்லிவிட்டார்.

எட்டாம் நாள் வந்தது. தடிப்பைப் பார்த்ததும் அம்மா வேப்பிலை ஒடித்து வந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்தார். “அடுத்த ஊசியே வேண்டாம்” என்றார். தோட்டத்தில் தட்டம்மைக்குத் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர்.

“அந்தத் தட்டம்மை வராமல் இருக்கத்தாம்மா இந்த ஊசி” என்றேன். பதிலில்லை. மூன்றாம் நாள் பிள்ளை சிரித்தது. பன்னிரண்டாம் மாத ஊசித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டவர் அம்மாதான்.