வராத டாலருக்கு வந்த மவுசு!

எந்த அரசாங்கமும் வெளியிடாத ஒரு காசு உங்க கையில இருந்தா அதுக்கு என்ன பேரு வைப்பீங்க? 'கள்ளக் காசு'ன்னு உங்க அப்பா சொல்வார். 'பீஸ் சூப்பரா இருக்கே மச்சி, எங்கடா புடிச்ச?'ன்னு ஹாஸ்டல் ரூம்மேட் கேப்பான். அமெரிக்காவுல இதைச் சேர்க்கறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. அவங்க வெச்ச பேரு 'ஃபேன்டஸி காயின்'. பழைய வெள்ளி டாலர் மாதிரியே இருக்கும். அதே முகம், அதே கழுகு. சில காசுல வெள்ளிகூட அதே பழைய வெள்ளி! ஆனா அதுல இருக்கற வருஷத்துல அப்படி ஒரு காசு கடைக்கு வந்ததே இல்லை.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். டை, பிரஸ், டன் கணக்குல அழுத்தம்னாலே காது கொடுத்துக் கேக்கற ஆளு. அதனால இந்த மேட்டர் என்னை வளைச்சுப் போட்டதுல ஆச்சரியம் இல்லை. உங்களையும் கொஞ்சம் உள்ளே இழுக்கறேன், வாங்க.

முதல்ல ஒரிஜினல். அமெரிக்க வெள்ளி டாலர்கள்ல ரெண்டு பேர்தான் சூப்பர் ஸ்டார்ஸ். ஒண்ணு, ஜார்ஜ் மார்கன் வடிவமைச்ச 'மார்கன் டாலர்'. 1878-லிருந்து 1904 வரை அடிச்சாங்க, அப்புறம் 1921-ல ஒரு ரவுண்டு. இன்னொண்ணு 'பீஸ் டாலர்'. முதல் உலகப் போர் முடிஞ்சு அமைதி வந்த ஞாபகமா 1921-ல ஆரம்பிச்சது. இதை வடிவமைச்ச ஆன்டனி டி ஃபிரான்சிஸி, தன் மனைவி தெரசாவையே மாடலா உட்காரவெச்சு சுதந்திர தேவி முகத்தை வரைஞ்சார். (காதல் பரிசுன்னா இதுதான் பாஸ். கோடிக்கணக்குல அடிச்சு ஊர் ஊரா அனுப்பிட்டாரே!) ரெண்டு டாலருமே 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி, 38.1 மில்லிமீட்டர் விட்டம். உள்ளங்கையில வெச்சா நம்ம பத்து ரூபாய் காசெல்லாம் பொட்டு மாதிரி தெரியும்.

இந்த டாலருக்கும் நம்ம ஊருக்கும்கூட ஒரு சொந்தம் இருக்கு. 1918-ல 'பிட்மன் சட்டம்'னு ஒண்ணு போட்டு அமெரிக்கா சுமார் 27 கோடி வெள்ளி டாலரை உருக்கிடுச்சு. அதுல பெரும்பகுதி வெள்ளியை பிரிட்டன் வாங்கினது எதுக்குத் தெரியுமா? போர்க்காலத்துல இந்தியாவுல வெள்ளி ரூபாய்க்குத் திண்டாட்டம். இங்கே ரூபாய் அடிக்க வெள்ளி வேணும்! உங்க பாட்டி பெட்டியில ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1919 ரூபாய் ஒண்ணு கிடந்தா, அதுக்குள்ள ஒரு மார்கன் டாலரோட துளி ஒளிஞ்சிருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு.

சரி, ஃபேன்டஸிக்கு வருவோம். பீஸ் டாலர் 1935-ஓட நின்னுபோச்சு. 1964 ஆகஸ்ட்ல அமெரிக்க நாடாளுமன்றம் திடீர்னு நாலரைக் கோடி வெள்ளி டாலர் அடிக்க அனுமதி கொடுத்துச்சு. 1965 மே மாசம் டென்வர் நாணயச்சாலையில பிரஸ் ஓட ஆரம்பிச்சது. காசுல போட்ட வருஷம் மட்டும் 1964. நாட்டுல சில்லறைத் தட்டுப்பாடு தலைவிரிச்சு ஆடுற நேரத்துல, கலெக்டர்ஸ் பெட்டிக்குள்ள போய் ஒளியற வெள்ளி டாலர் எதுக்குன்னு ஒரே கூச்சல். அரசாங்கம் பின்வாங்கிடுச்சு. அதுக்குள்ள அடிச்ச 3,16,076 காசும் உலைக்குப் போச்சு. ஒண்ணுகூட வெளியே வரலைங்கறதுதான் அதிகாரபூர்வமான பதில். யாராவது ஒளிச்சு வெச்சிருந்தாலும் அது அரசாங்கச் சொத்து, பறிமுதல் பண்ணிடுவாங்க. 2013-ல பி.சி.ஜி.எஸ். என்ற காசு மதிப்பீட்டு நிறுவனம், 'ஒரிஜினல் 1964-டி டாலரை எங்க கண்ணுல காட்டினாலே போதும், பத்தாயிரம் டாலர் தர்றோம்'னு அறிவிச்சது. விக்கக்கூட வேண்டாம், சும்மா காட்டினாப் போதும்! அப்பவும் ஒரு காசும் வெளிச்சத்துக்கு வரலை.

இல்லாத பொருளுக்கு இவ்வளவு மவுசு இருந்தா ஒரு ஆளு வராம இருப்பாரா? வந்தார், டேனியல் கார். கொலராடோக்காரர். சாதாரண ஆளும் இல்லை. 2001-ல வந்த நியூயார்க், ரோட் ஐலண்ட் மாநில கால் டாலர் காசுகளோட டிசைன் இவரோடது. டென்வர் நாணயச்சாலை கழிச்சுப்போட்ட பழைய பிரஸ் ஒண்ணை வாங்கி 'மூன்லைட் மின்ட்'னு சொந்தப் பட்டறை போட்டுட்டார். அதுல அவர் அடிச்ச '1964-டி' பீஸ் டாலர்தான் இந்தக் கூட்டத்துக்கே தலைப்பிள்ளை.

எப்படி அடிச்சார்ங்கறதுலதான் என் இன்ஜினீயர் மூளை சொக்கிப்போச்சு. புது வெள்ளித் தகடு எடுக்கலை. நிஜமான பழைய பீஸ் டாலரையே எடுத்து, ரெண்டு டைக்கு நடுவுல வெச்சு, மேல மறுபடி அடிச்சார். இதுக்கு 'ஓவர்ஸ்ட்ரைக்'னு பேரு. அழுத்தத்துல பழைய உருவம் நசுங்கி, அதே இடத்துல புது உருவம் எழும்பும். காசைச் சுத்தி ஒரு வளையம் பிடிச்சுக்கறதால உலோகம் பக்கவாட்டுல பிதுங்காது. எடை அதே, வெள்ளி அதே. சில காசுல உத்துப் பார்த்தா பழைய வருஷத்தோட நிழல் லேசாத் தெரியும், அழிச்ச ஸ்லேட்டுல பழைய கணக்கு தெரியுமே, அந்த மாதிரி. டெக்னிக் ஒண்ணும் புதுசு இல்லை. ரோமானியர்களை எதிர்த்துக் கலகம் பண்ணின யூதர்கள் 1,800 வருஷத்துக்கு முன்னாடியே ரோமானியக் காசு மேலயே தங்களோட முத்திரையை அடிச்சிருக்காங்க.

இப்போ சண்டைக் காட்சி! அமெரிக்காவுல 1973-ல ஒரு சட்டம் வந்துச்சு. பழைய காசைப் பார்த்து நகல் அடிச்சா அதுல 'காப்பி'ன்னு பொறிச்சே ஆகணும். 2014-ல அதை இன்னும் இறுக்கினாங்க. கார் காசுல அந்த வார்த்தை கிடையாது. அவரோட வாதம், 'ஒரிஜினலே வெளியே வராதப்போ இது எதுக்கு நகல்? நான் நிஜக் காசை மாத்தியிருக்கேன், அவ்வளவுதான். எத்தனை அடிச்சேன்னும் வெளிப்படையா சொல்லியிருக்கேன்'. எதிர் அணி கேக்கறது, 'இன்னைக்கு உங்ககிட்ட வாங்கறவனுக்கு எல்லாம் தெரியும். பத்தாவது கை மாறும்போது யார் சொல்லுவா?'

இந்தக் கேள்வியை என்னால ஈஸியா தாண்டிப் போக முடியலை. காரணம் எங்க சித்தப்பா. நம்ம ஊர்லயும் ஃபேன்டஸி காசு இருக்கு மக்களே! ஈஸ்ட் இந்தியா கம்பெனி பேரு, 1818-ன்னு வருஷம், மறுபக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமார். பார்த்திருப்பீங்க. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. ஆனா 'கோடி ரூபாய்க்குப் போகும், அரிசியை இழுக்கும்'னு சொல்லி ஊர் ஊரா வித்தாங்க. சித்தப்பா எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒண்ணு வாங்கினார். கோடி ரூபாய் பார்ட்டி வரலை. வித்த ஆளோட போனும் எடுக்கலை. சித்திதான் பாவம், ரெண்டு சீட்டுத் தவணையை எப்படிக் கட்டினாங்களோ!

அந்தக் காசை முதல்ல அடிச்சவன் ஏமாத்தத்தான் அடிச்சானா, இல்லை பூஜைக்கு வைக்கட்டும்னு அடிச்சானா? யாருக்குத் தெரியும்! 'வருஷத்தைப் பார்த்தாலே புரிஞ்சிடுமே'ன்னு கார் ஆதரவாளர்கள் சொல்றாங்க. பீஸ் டாலர் 1935-ல நின்னுச்சுன்னு தெரிஞ்சவங்களுக்குப் புரியும். கம்பெனி என்னென்ன காசு அடிச்சதுன்னு தெரிஞ்சிருந்தா எங்க சித்தப்பாவுக்கும்தான் புரிஞ்சிருக்கும். அதனால நான் கார் கைத்திறமைக்கு ரசிகன், ஆனா இந்த விஷயத்துல எதிர் அணி. விளிம்புல, கண்ணுக்கு உறுத்தாத இடத்துல ஒரு குட்டி முத்திரை. அடிச்சிருந்தா அழகு என்ன குறைஞ்சிடப் போகுது?

உடனே 'அப்போ இதையெல்லாம் தடை பண்ணணுமா?'ன்னு கேக்காதீங்க. பித்தளைக்கு முலாம் பூசி 'மார்கன் டாலர்'னு தலையில கட்டற கள்ளக் காசோட இதை ஒரே தட்டுல வைக்க எனக்கு மனசு வரலை. அங்கே பொய்தான் சரக்கு. இங்கே ஒரு மனுஷன், 'அந்த மே மாசம் பிரஸ் நிக்காம ஓடியிருந்தா?'ன்னு கேட்டுட்டு, அதுக்குப் பதிலை வெள்ளியிலயே அடிச்சுக் காட்டறான். வீட்டுக்குள்ள வெச்சு ரசிக்கற வரைக்கும் அது ஒரு அட்டகாசமான கற்பனை. 2021-ல அமெரிக்க நாணயச்சாலையே மார்கன், பீஸ் ரெண்டையும் நூற்றாண்டு ஞாபகமா புது வருஷம் போட்டு அடிச்சு வித்துச்சு. பழைய முகத்து மேல ஆசை அரசாங்கத்தையும் விடலை பாருங்க!

நீங்களும் இறங்கறதா இருந்தா, முதல்ல ஒரு நிஜ பீஸ் டாலரைக் கையில எடுத்துப் பாருங்க. 1922-ஆம் வருஷக் காசு அஞ்சு கோடிக்கும் மேல அடிச்சது, ஈஸியா கிடைக்கும். ஒரு எலெக்ட்ரானிக் தராசும் சின்ன காந்தமும் பக்கத்துல இருக்கட்டும். காந்தத்துல ஒட்டினா அந்த வியாபாரிக்கு ஒரு கும்பிடு. ஒட்டலைங்கறதுக்காக மட்டும் நம்பிடாதீங்க, பித்தளையும் ஒட்டாது. எடை பாருங்க. அப்புறம் அந்த வருஷத்துல அந்தக் காசு நிஜமாவே வெளிவந்துச்சான்னு ஒரு நிமிஷம் தேடுங்க.

எனக்கு ஒரு 1964-டி வாங்கற ஆசை இருக்கு. கேம்பஸ்ல வேலை கிடைச்சு முதல் சம்பளம் வந்ததும் பார்க்கலாம். வாங்கினா, காசு உறைக்குள்ளயே தமிழ்ல ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைப்பேன்: 'இதை அடிச்சது அரசாங்கம் இல்லை, டேனியல் கார். அடிச்ச வருஷம் 1964 இல்லை. யாரும் இதைக் கோடிக்கு விக்க முயற்சி பண்ணாதீங்க.' சித்தப்பாவைத்தான் சாட்சிக் கையெழுத்து போடச் சொல்லணும்.