மணிக்கு ஏழு கடல்மைல்

'யாட்' என்ற சொல்லைத் தமிழில் 'உல்லாசப் படகு' என்றே எழுதிப் பழகிவிட்டோம். செய்தித்தாளில் அது வருமென்றால் பெரும்பாலும் ஒரு தொழிலதிபரின் பெயரை ஒட்டித்தான் வரும். வெண்ணிற உடல், மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகள், யாரோ ஒருவர் கையில் கோப்பை. அச்சொல்லின் வேர் டச்சு மொழியில் இருக்கிறது, அங்கே அதற்கு வேட்டை என்று பொருள். விரைந்து சென்று பிடிப்பதற்கான படகுகளை அப்படி அழைத்தார்கள். நான் பாதிப் பங்கு வைத்திருக்கும் படகுக்கு இவ்விரண்டு பொருளும் பொருந்தாது. அதனால் எதையும் துரத்த முடியாது. உல்லாசத்தைப் பொறுத்தவரை, அதன் தரைப்பலகைகளைத் தூக்கிவிட்டுக் குப்புறப் படுத்து, இயந்திரத்துக்கு அடியில் கைவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருக்கும் நேரமே அதில் அதிகம்.

சியாட்டில் நகரின் யூனியன் ஏரியில் அது நிற்கிறது. 36 அடி நீளம், கிராண்ட் பாங்க்ஸ் என்ற வகை. ஹாங்காங்கில் அமெரிக்கன் மெரைன் என்ற கட்டுமானத்தளம் 1963-இல் கென்னத் ஸ்மித் வரைந்த வடிவத்தில் ஒரு படகைக் கட்டியது. அதிலிருந்து கிளைத்த வரிசை இது. மீன்பிடி இழுவைப் படகின் சாயல் இருப்பதால் 'டிராலர்' என்று அழைக்கிறார்கள், வலை வீசியதே இல்லை என்றாலும். 1973 வரை மரத்தில் கட்டினார்கள், பிறகு கண்ணாடியிழைக்கு மாறினார்கள். எங்களுடையது கண்ணாடியிழைக்கு மாறிய முதல் சில ஆண்டுகளைச் சேர்ந்தது, சிங்கப்பூர்த் தளத்தில் கட்டப்பட்டது. சுக்கான் அறையில் ஒரு சிறு பித்தளைத் தகட்டில் அந்த ஊர்ப் பெயர் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம், இந்தத் தேக்குப் பலகைகளை இழைத்தவர்களில் நம்மவர் யாராவது இருந்திருப்பாரோ என்று நினைப்பேன். விடை கிடைக்காத கேள்வி, ஆனாலும் துடைப்பதற்கு ஒரு காரணம் ஆகிறது.

அதன் வேகம் மணிக்கு ஏழு கடல்மைல், அதாவது சுமார் 13 கிலோமீட்டர். ஓட்டப்பயிற்சி பெற்ற ஒருவர் கரையோரமாகவே எங்களை முந்திவிடலாம். நீரை இடம்பெயர்த்துச் செல்லும் எந்தப் படகும் தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்கிறது. வேகம் கூடக்கூட அலையின் நீளம் கூடி, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போகவேண்டுமென்றால் தன் அலையின் மீது தானே ஏறவேண்டும். எங்கள் அளவுள்ள படகுக்கு அந்த எல்லை ஏறக்குறைய எட்டு கடல்மைல். ஏழில் சென்றால் மணிக்கு ஏழெட்டு லிட்டர் டீசல் போதும். எட்டரைக்கு முயன்றால் எரிபொருள் மடங்குகளில் செலவாகுமே தவிர, பின்னால் எழும் அலைதான் பெரிதாகும்.

இந்த மந்தகதியால் நிலவைப் படிக்க வேண்டியதாகிறது. சியாட்டிலிலிருந்து சான் வான் தீவுகள் 60 கடல்மைலுக்குச் சற்று மேல், ஒரு முழுப்பகல் பயணம். வழியில் டிசெப்ஷன் பாஸ் என்ற குறுகிய கணவாய் ஒன்று உண்டு. அதன் நீரோட்டம் எட்டு கடல்மைல் வேகம்வரை போகும். எதிர்த்துப் போனால் இயந்திரம் முழு மூச்சில் உழைக்க, படகு பின்னோக்கி நகரும். ஆகவே ஏற்றமும் இறக்கமும் மாறும் அந்தச் சில நிமிடங்களுக்காக வெளியே காத்திருக்க வேண்டும். விசைப்படகுக்காரர்கள் கையசைத்துவிட்டுப் பறந்துவிடுவார்கள். நாங்கள் தேநீர் போடுவோம்.

இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். ஃபோர்டு நிறுவனம் இங்கிலாந்தின் டகன்ஹாமில் லாரிகளுக்காகவும் பிற கனரக வேலைகளுக்காகவும் வார்த்த ஆறு சிலிண்டர் டீசல். அதை வாங்கி, கடல்நீரால் குளிரும்படி மாற்றி விற்றது நியூஜெர்சியின் லேமன் என்ற நிறுவனம். 120 குதிரைத்திறன். பெட்ரோல் இயந்திரத்தைப்போல் இதற்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை அழுத்தியே பற்றவைத்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவி படகின் அடிவயிற்றில் தேங்கினால் ஒரு சுவிட்சைத் தட்டுவதே போதும், வெடித்துவிடும். டீசல் அப்படி எளிதில் பற்றாது. இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலோ 1913 செப்டம்பரில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற நீராவிக் கப்பலிலிருந்து இரவில் காணாமல் போனார். தன் இயந்திரம் கடலை ஆளப்போவதன் தொடக்கத்தை மட்டுமே அவர் பார்த்தார்.

சுத்தமான எரிபொருளும் காற்றும் கிடைக்கும்வரை டீசல் நிற்காது என்பார்கள். சுத்தமான எரிபொருள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் தொட்டிகள் இரும்பாலானவை. பாதி காலியாக நிற்கும் தொட்டியில் இரவின் குளிரில் ஈரம் படிந்து அடியில் நீராக இறங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கூழாகும். அமைதியான நீரில் அது அடியிலேயே கிடக்கும். அலையில் படகு ஆடும்போது கலங்கி மேலே வரும். எனவே இயந்திரம் நிற்பதென்றால், நிற்கக்கூடாத இடத்தில்தான் நிற்கும்.

எங்களுக்கு அது ரொசாரியோ நீரிணையில் நடந்தது. தெற்குக் காற்று, எதிர் நீரோட்டம், குட்டையான செங்குத்து அலைகள். முதலில் ஓசையில் ஒரு தயக்கம் தெரிந்தது. நான் கருவிகளைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன. படகின் மறுபாதிக்குச் சொந்தக்காரரான நண்பர் எதையும் பார்க்கவில்லை. எழுந்து தரைப்பலகையைத் தூக்கினார். "வடிகட்டி" என்றார். அடுத்த அரை நிமிடத்தில் இயந்திரம் அடங்கியது. அனகோர்ட்டஸ் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு எண்ணெய்க் கப்பல்கள் செல்லும் பாதை அது. வடக்கே ஒன்று தெரிந்தது, இன்னும் தொலைவில்தான். நான் வானொலியில் எங்கள் நிலையை அறிவித்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொரு வயது மனிதர் அந்த ஆட்டத்தில் தலைகீழாகத் தொங்கியபடி பழைய வடிகட்டியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழ்கள் நின்று டீசல் மட்டும் வழியும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் மீண்டும் முதலிலிருந்து. பதினான்கு நிமிடங்கள் ஆயின. கப்பல் எங்களுக்கு வெகு தூரத்தில் கடந்து சென்றது. இயந்திரம் கிளம்பியதும் அவர் செய்த முதல் வேலை கை கழுவியதல்ல, நோட்டை எடுத்து எழுதியது.

அந்த நோட்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மொத்தம் முப்பத்தொன்று. இயந்திரத்தில் ஒரு மணிக்கணக்கி உண்டு, அது ஓடும் நேரத்தை மட்டும் எண்ணும். நோட்டில் ஒவ்வொரு பதிவும் அந்த எண்ணில் தொடங்கும், வானிலையில் முடியும். இடையில் செய்த வேலை. எரிபொருள் செலுத்தும் சிம்ஸ் பம்புக்கென்று தனியாகச் சிறிது எண்ணெய் உண்டு. அதை 50 மணிக்கு ஒருமுறை மாற்றவேண்டும். இதை மறந்த உரிமையாளர்கள் பலர், பம்பு தேய்ந்த பிறகே அப்படி ஒன்று இருப்பதை அறிகிறார்கள். 200 மணிக்கு இயந்திர எண்ணெய். கடல்நீரை இழுக்கும் ரப்பர்ச் சக்கரம். வெப்பமாற்றிக்குள் கரைவதற்காகவே வைக்கப்படும் துத்தநாகக் குச்சி. மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்துக்கொள்வதே அதன் வேலை. நன்னீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு தோல் படிந்து அது செயலிழந்துவிடும் என்பதால், ஏரியில் நிற்கும் எங்கள் படகுக்கு வெளிப்புறத்தில் அலுமினியக் கட்டிகள். சுழல்தண்டு வெளியேறும் இடத்தில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று துளி சொட்ட வேண்டும். சொட்டவே இல்லையென்றால் இறுக்கம் மிகுதி, தண்டு தேயும். 'துளி: 3. மழை.' என்பது முழுமையான ஒரு பதிவு.

நம் வாசகர்களுக்கு ஸ்டைன்பெக்கின் கடற்பயணப் புத்தகம் நினைவுக்கு வரலாம். 1940-இல் அவரும் ரிக்கெட்ஸும் கலிஃபோர்னியா வளைகுடாவுக்குச் சென்ற வெஸ்டர்ன் ஃப்ளையர் இந்தப் பகுதிப் படகுதான். 1937-இல் டகோமாவில் கட்டப்பட்டு, பின்னாளில் கைவிடப்பட்டு, அனகோர்ட்டஸ் அருகே மூழ்கி, போர்ட் டவுன்செண்டில் பல ஆண்டு வேலைக்குப் பின் 2022-இல் மீண்டும் நீரில் இறங்கியது. அந்தப் புத்தகத்தில் தத்துவம் உண்டு, நகைச்சுவை உண்டு. நண்பரின் நோட்டில் இரண்டும் இல்லை. ஆனால் 2009-இல் ஒரு பக்கம் இருக்கிறது. மார்ச் மாதப் பதிவு: '3,871. வடிகட்டி மாற்றம். தெளிவான வானம்.' அதற்குக் கீழேயே நவம்பர்: '3,871. பேட்டரி தீர்ந்திருந்தது. மாற்றினேன். இரண்டாம் முயற்சியில் கிளம்பியது. மழை.' அந்த எட்டு மாதங்களில்தான் அவர் மனைவி நோயுற்று இறந்தார். நான் அவரை அறிவதற்கு முந்தைய காலம். இதுபற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. அந்தப் பக்கத்தைக் கண்ட பிறகு நானும் கேட்கவில்லை.

படகு வைத்திருப்பதைப் பணத்தை நீரில் கொட்டுவது என்று துறையில் எல்லோரும் சிரிப்பார்கள். பொய்யில்லை. நிற்க வாடகை, காப்பீடு, காப்பீட்டுக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிபுணர் ஆய்வு. தளத்தில் தேக்குப் பலகைகளைப் பிடித்திருக்கும் ஏராளமான திருகுகள் ஒவ்வொன்றும் இந்த ஊர் மழைக்கு ஒரு வாசல். இருந்தும் என்னைக் கேட்டால், அது கோருவது பணத்தைவிடக் காதை. மழை இல்லாத நாளிலும் ஈரம் எங்கே வாடை அடிக்கிறது, நேற்று இல்லாத அதிர்வு எது என்று ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். என் தொழிலில் இயந்திரங்கள் தம் கோளாறைத் தாமே எழுத்தில் தெரிவித்துவிடும். இங்கே அப்படி இல்லை.

ஓசையில் ஒரு சங்கடமும் உண்டு. எங்கள் காதுக்கு இதமாக இருக்கும் அந்த முணுமுணுப்பு நீருக்கடியில் வெகுதூரம் போகும். இக்கடலில் வாழும் தென்பகுதி ஓர்க்காத் திமிங்கிலங்கள் அருகிவரும் இனம். எதிரொலியைக் கொண்டே சால்மன் மீனைத் தேடுபவை. 2025 ஜனவரியிலிருந்து அவற்றிடமிருந்து 1,000 கஜம் விலகியிருக்க வேண்டுமென்பது வாஷிங்டன் மாநிலச் சட்டம். நியாயமான சட்டம். தொலைவில் துடுப்புகள் தெரிந்தால் திசைமாறிச் செல்கிறோம், ஏழில் போகிறவர்களுக்கு அது ஒரு மணிநேரத் தாமதம். பொழுதுபோக்குக்காக டீசல் எரிப்பவன் இதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

சென்ற ஆண்டு நண்பர் படகுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கேட்கும் திறன் முன்பே குறைந்திருந்தது. கடைசிக் கோடைகளில் இயந்திரத்தின் தாங்குவிட்டத்தில் உள்ளங்கையை வைத்து அறிந்துகொள்வார், பெரும்பாலும் சரியாக. பிறகு முழங்கால்கள் ஏணிக்கு மறுத்துவிட்டன. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தன் பாதியை நான் வாங்கிக்கொள்ள வேண்டுமென்று அவர் கேட்கவில்லை, யாருக்காவது விற்கலாம் என்றார்.

விற்பது எளிதன்று. இந்தத் தலைமுறைப் படகுகளின் உரிமையாளர்கள் எல்லோருமே ஒருசேர முதுமையடைந்திருக்கிறார்கள். வாங்க வருபவர் இயந்திரத்தின் வயதைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார், அல்லது மலிவாக வாங்கி, இரண்டு மழைக்காலம் தொடாமல் விட்டு, ஏதோ ஒரு விரிகுடாவில் நங்கூரமிட்டு மறந்துவிடுகிறார். கைவிடப்பட்ட படகுகளை அகற்றவே மாநில அரசு 2002-இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2014 முதல், மூழ்குமுன் சிறு படகுகளைத் தாமாக ஒப்படைக்கவும் வழி செய்திருக்கிறது. ஒப்படைத்தால் உடைத்துவிடுவார்கள். எங்களுடையது அந்த நிலையில் இல்லை, ஆனால் அந்த நிலைக்கும் இதற்கும் நடுவே இருப்பது யாரோ ஒருவரின் சனிக்கிழமைகள் மட்டுமே. இருவர் வந்து பார்த்தார்கள். ஒருவர் நோட்டுகளைப் புரட்டவே இல்லை. மற்றவர், துறைமுகத்தில் வெல்டராக இருக்கும் ஓர் இளம்பெண், தரைப்பலகையைத் தூக்கச் சொன்னார், சிம்ஸ் பம்பைச் சுட்டி எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். அவரிடம் முழுத்தொகை இல்லை, தவணையாகத் தருவதாகச் சொல்கிறார்.

இதை நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன், இரண்டு முறை, உரக்க. தொகையைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. மணிக்கணக்கி எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். 6,214 என்றேன். அப்படியானால் அந்தப் பெண் வருவதற்குள் பம்பின் எண்ணெயை மாற்றிவிடு என்றார்.