கிணற்றில் கிடைத்த கல்

காங்கயம் என்றவுடன் நேயர்களுக்குக் காளைதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் சென்ற தை மாதம் வரையில் அப்படித்தான் இருந்தது. அப்போது தாய்மாமனிடமிருந்து அவசரச் செய்தி வந்தது: "மாப்பிள்ளை, கெணத்துல கல்லு ஒண்ணு கெடைச்சிருக்குதுங்க. உடனே பொறப்பட்டு வாங்க!"

விஷயம் இதுதான். படியூருக்கு அருகே மாமாவுக்கு நான்கு ஏக்கர் மேட்டுப் பூமி உண்டு. கடன் வாங்கி வெட்டிய கிணற்றில் 60 அடி போயும் நீர் ஊறவில்லை. நீருக்குப் பதிலாக வெள்ளைவெளேரென்று ஒரு கல் வந்தது. ஆட்டுக்குட்டி சுருண்டு படுத்தாற்போன்ற பருமன். அதைப் பார்த்த தரகர் ஒருவர், "பத்து லட்சத்துக்குக் குறையாது, சோதனைச் சான்றிதழுக்கு 30,000 ரூபாய் முன்பணம் மட்டும் கொடுங்கள்" என்று சொல்லிப் போயிருந்தார். அத்தையின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் பிரயாணமாக ஆயத்தமாயிருந்தது.

மாமாவின் ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அந்த மண் அப்படிப்பட்டது. 1819, 1820-ஆம் ஆண்டுகளில் ஓர் ஆங்கிலேயர் இதே படியூரில் ஒரு கிணற்றிலிருந்துதான் பெரில் என்னும் கடல்வண்ணக் கல்லை எடுத்தார். அதற்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கதை கொடுமணலில் இருக்கிறது. ஆகையால் நேரே போகாமல், சென்னிமலை வழியாகச் சுற்றி அங்கே முதலில் இறங்கினேன்.

நொய்யலின் வடகரையில் அமைந்த சிற்றூர் அது. ஆற்றில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நிறத்தைப்பற்றி எழுதாமலிருப்பதே நலம். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊரே என்பது அறிஞர் கொள்கை. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்தபோது ஸ்படிகம், பெரில், நீலம், சூதுபவளம் முதலியவற்றால் ஆன மணிகள் வெளிவந்தன. முடிந்த மணிகளோடு, துளையிடாததும் பாதி தீட்டியதுமான மணிகளும் கிடைத்ததால், அவை இங்கேயே செய்யப்பட்டவை என்று துணிந்தார்கள். வரப்போரம் நடந்தால் வெள்ளைக் கற்சில்லுகள் காலில் இடறுகின்றன. ஒன்றைக் குனிந்து எடுத்தேன். வெங்கச்சங்கல்! ஸ்படிகத்தின் ஏழைத் தம்பி. மாமாவின் கல் எதுவாயிருக்கும் என்று அப்போதே மனத்தில் ஓர் ஐயம் தட்டியது.

மாமா வீட்டை அடைந்ததும், பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு உரிய சாமான்களைப் பையிலிருந்து எடுத்தேன். பேனாக்கத்தியால் கல்லைக் கீறினேன், கீறல் விழவில்லை. கல்லின் முனையால் சோடாப் புட்டியைக் கீறினேன்; கண்ணாடியில் கோடு பளிச்சென்று விழுந்தது. பார்வைக்கு இதைப்போலவே ஏமாற்றும் சுண்ணாம்பு வகைக் கல்லொன்று உண்டு. அதில் நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டால் நுரைக்கும். இதுவோ சும்மா இருந்தது. அடுத்தது எடை. கிணற்றில்தான் நீர் இல்லையே! நெல் அவிக்கும் அண்டாவில் நீர் நிரப்பி, வேப்பங்கிளையில் தராசைத் தொங்கவிட்டோம். வெளியே 40 கிலோ இருந்த கல், நீருக்குள் 25 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. குறைந்தது 15 கிலோ. 40-ஐ 15-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.65, அதுவே குவார்ட்ஸின் அடர்த்தி. வைரமாயிருந்தால் 3.5 வந்திருக்க வேண்டும்.

கல்லின் ஒரு முனையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடிபோன்ற பகுதி இருந்தது. அங்கே இரண்டு முகங்கள் சேருமிடத்தில் கோணமானியை வைத்தேன்: சரியாக 120 பாகை! ஸ்படிகம் எங்கே விளைந்தாலும், எத்தனை கோணலாக வளர்ந்தாலும், ஒத்த முகங்களுக்கிடையே உள்ள கோணம் மாறுவதில்லை. 1669-ல் ஸ்டீனோ என்ற அறிஞர் கண்டு சொன்ன உண்மையை மாட்டுத் தொழுவத்தில் நின்று சரிபார்த்தபோது, பத்து லட்சத்தைச் சற்று மறந்தே போனேன். மாமா மறக்கவில்லை.

"வெலை என்னுங்க மாப்பிள்ளை?"

அதற்குக் காங்கயத்தில் கல் பட்டை தீட்டும் ஒரு முதியவரிடம் போனோம். அவர் அந்தத் தெளிந்த முனையின் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். உள்ளே மூட்டமும் முறிவுகளும் தெரிந்தன. குவார்ட்ஸுக்குப் பருமன் விலையாகாது என்று அவர் விளக்கினார். தெளிவு வேண்டும்; செவ்வந்திக்கல்போல நல்ல நிறமாவது வேண்டும்; அல்லது கூர்முனை உடையாத முழுப் படிகமாயிருக்க வேண்டும். பால்போல வெளுத்திருப்பதற்குக் காரணம், கல் விளைந்தபோது உள்ளே சிக்கிக்கொண்ட எண்ணற்ற நுண்ணிய நீர்த்துளிகள். அப்படிப்பட்டது கண்ணாடித் தொழிலுக்கும் பீங்கான் தொழிலுக்கும் டன் கணக்கில் போகும் சரக்கு. முனையை மட்டும் வெட்டித் தந்தால் 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார்.

மாமா வழியெல்லாம் பேசவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடன் அப்படியே இருந்தது. கிணறும் அப்படியே வறண்டிருந்தது.

மறுநாள் தரகர் வந்தார். மாமா அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, மிக்க மரியாதையாகச் சொன்னார்: "கல்லை நீங்களே எடுத்துட்டுப் போங்க. முன்பணத்தையும் நீங்களே கட்டிருங்க. வித்த பணத்துல பாதி உங்களுக்குத்தானுங்க."

மோரைக் குடித்துவிட்டுப் போன தரகர் அப்புறம் அந்தப் பக்கம் வரவேயில்லை. கல்லை மாமா வெட்டவும் இல்லை, விற்கவும் இல்லை. தொட்டியருகே கிடக்கிறது. சங்கிலி கழுத்திலேயே இருக்க, அத்தை அதன்மேல் துணி உலர்த்துகிறாள்.